நூறு நாளும் கேட்டுச் சாவியும்

என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய் என்றபோது ஆறுதல் சொல்ல வந்தவர்களெல்லாம், அவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். நான் வாசல் கம்பிக் கேட்டைத் திறக்கவில்லையாம்.

சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட் மேல்மாடியில் ரவிக்கை தைப்பவள் நான். அளவு கொடுக்க வருகிறவர்களை, அவர்கள் பேச்சைக் கேட்பதற்காகவே கூடுதலாக அரைமணி நேரம் உட்கார வைப்பேன். ஆள் வராத வீடு எனக்கு ஆகாது. அப்படிப்பட்டவளை வாசல் காக்க வைத்துவிட்டது இந்த எலும்பு மஜ்ஜை மாற்றம்.

மஜ்ஜை கொடுத்தவர் என் கணவரின் தம்பி. குவீன்ஸ்டவுனில் தனியாக இருப்பவர். அவருடையது பொருந்துகிறது என்று தெரிந்த அன்றே உறவுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். "முதுகுத்தண்டுல துளை போடுவாங்க, அப்புறம் படுத்த படுக்கைதான்." முதுகுத்தண்டை யாரும் தொடவில்லை. நாலைந்து நாள் ஊசி போட்டார்கள். மஜ்ஜையில் இருக்கும் மூல செல்களை ரத்தத்துக்கு இறக்கிவிடும் ஊசி. பிறகு ஒரு நாள் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, ஒரு கையிலிருந்து ரத்தத்தை மெஷினுக்கு அனுப்பி, வேண்டியதைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு கை வழியாகத் திருப்பி அனுப்பினார்கள். ஊசி போட்ட நாட்களில் மட்டும் கொழுந்தனார் புலம்பித் தீர்த்தார். "அண்ணி, இடுப்பெலும்புக்குள்ள யாரோ ரெனவேஷன் பண்றாங்க!"

என் கணவர் பட்டதோ வேறு. பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுத்த மருந்தில் வாயெல்லாம் புண். தண்ணீர் விழுங்கவே கண் கலங்கும். அத்தனைக்கும் பிறகு வந்தது அந்தப் பெரிய நாள். நான் ஏதோ ஆபரேஷன் என்று எண்ணி விரதம் வேறு இருந்தேன். ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பையைத் தொங்கவிட்டார்கள். ஏறி முடிந்தது.

"இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார் இவர்.

"இனிமேதான் அக்கா இருக்கு," என்று என்னிடம் சொன்னார் எங்களைப் பார்த்துக்கொண்ட தமிழ் நர்ஸ். "பிறந்த குழந்தைக்காவது அம்மாகிட்டேர்ந்து வந்த எதிர்ப்பு சக்தி கொஞ்சம் இருக்கும். இவருக்கு அதுவும் இல்ல. முதல் நூறு நாள் ரொம்ப ஜாக்கிரதை. பூ வேணாம், பச்சையா எதுவும் வேணாம், கூட்டம் வேணவே வேணாம். காய்ச்சல் முப்பத்தெட்டு டிகிரியத் தொட்டா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, நேரா இங்க வந்துடுங்க. சாதாரண சளிகூட ஆளையே கொண்டு போயிடும்."

இதை நான் எத்தனை பேரிடம் ஒப்பித்திருப்பேன்! நோயாளியை வந்து பார்க்காமல் இருந்தால் மரியாதைக் குறைவு, வெறுங்கையோடு வந்தால் அதைவிடக் குறைவு. பொங்கோலில் எங்கள் வீட்டு வாசலுக்கு இளநீரும் மல்லிகையுமாக வந்தார் என் பெரியம்மா.

"இளநி உடம்புச் சூட்டைத் தணிக்கும்டி."

"வெட்டின கத்தி எங்கெங்க பட்டுச்சோ பெரியம்மா."

"நீ எப்போ டாக்டருக்குப் படிச்ச?"

கீழ்வீட்டுக்காரர் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நான் டெய்லி வைட்டமின் சாப்பிடறேன், என்கிட்ட கிருமி அண்டாது லா," என்றார். நான் சமையலறையில் இருந்தபோது அவரை உள்ளே விட்டு, ஒருமணி நேரம் எம்ஆர்டி ரயில் கோளாறைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, என் கணவர்தான். அன்றிலிருந்து கேட்டுச் சாவியை ஊக்கில் கோத்து இடுப்பில் குத்திக்கொண்டேன். குளிக்கப் போனாலும் அது என்னோடுதான்.

அறுபது நாள் தாண்டியபோது தீபாவளி வந்தது. வருடா வருடம் காலையிலேயே வந்து அண்ணன் காலில் விழுவது கொழுந்தனாரின் வழக்கம். அவரைப் பார்க்கும் முன்பே நடைபாதையில் அவர் இருமல் கேட்டது. புது ஜிப்பா, கையில் முறுக்கு டப்பா.

"தம்பி, இருமலா?"

"எண்ணெய் தேச்சுக் குளிச்சேன் அண்ணி, தொண்டை கட்டியிருக்கு. அவ்ளோதான். தொறங்க."

"இன்னைக்கு வேணாம் தம்பி. அங்கேர்ந்தே பேசுங்க."

முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் முகம் மாறியது. "அண்ணி, உள்ள ஓடுறது என் ரத்தம். என் கிருமி என் ரத்தத்தை என்ன பண்ணிடும்?"

"உங்க ரத்தம்தான். ஆனா அது இன்னும் பச்சப்புள்ள. அது அண்ணன் உடம்போட சண்டைக்குப் போகாம இருக்க மருந்து குடுத்து அடக்கி வச்சிருக்காங்க தம்பி."

கூடத்திலிருந்து இவர் கத்தினார். "ஏய், தொறடி! அவன் இல்லன்னா நான் இல்ல!"

"அவர் குடுத்ததக் காப்பாத்தத்தான் தொறக்கல!" என்று நானும் கத்தினேன். பலகாரத் தட்டோடு போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா நின்று கேட்டுவிட்டுப் போனார்.

கேட்டுக்கு வெளியே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், அந்தப் புது ஜிப்பாவோடு கொழுந்தனார் தரையில் விழுந்து அண்ணனைக் கும்பிட்டார். இவர் உள்ளேயிருந்து கையைத் தூக்கினார். தம்பி டப்பாவைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே போய்விட்டார்.

இரண்டு நாள் இவர் என்னோடு பேசவில்லை. மற்றவர்கள் போன் போட்டுப் பேசினார்கள். "மஜ்ஜை குடுத்தவனையே வெளிய நிக்க வச்சிட்டியாமே?" வெறும் தொண்டைக் கட்டாகத்தான் இருக்குமோ என்று எனக்கும் உறுத்தியது. பேசாத மனிதரின் காதில் வேளாவேளைக்குத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் கொழுந்தனார் போன் செய்தார். "அண்ணி... கோவிட் டெஸ்ட் கிட்டுல ரெண்டு கோடு."

நான் தெர்மாமீட்டரைத் தேடி எடுத்தேன். "காய்ச்சல் எப்பலேர்ந்து?"

"தீபாவளிக்கு முந்தின நாளே லேசா இருந்துச்சு. சொன்னா வர வேணாம்னுடுவீங்கன்னு..."

அதோடு முடிந்ததா? அடுத்த வாரம் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் கொழுந்தனுக்கு என்ன பொறுப்பு பாத்தியாடி! அண்ணனுக்கு ஒட்டிடக் கூடாதுன்னு வாசலோட கும்பிட்டுட்டுத் திரும்பிட்டானாமே!" முகமூடி போட்டிருந்ததால் என் வாய் போன போக்கு அவருக்குத் தெரியவில்லை.

எண்பதாம் நாள் வாக்கில் அந்தப் பொறுப்பான மனிதர் மறுபடி வந்தார். முகமூடியோடு, கேட்டுக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

"இருமல்?"

"இல்ல அண்ணி."

"சளி, காய்ச்சல்? முந்தின நாள் லேசா?"

"சத்தியமா இல்ல. கிட்டுல ஒரு கோடுதான், போட்டோ வேணுமா? நீங்க செக்பாயிண்ட்ல வேலை பாக்க வேண்டிய ஆளு லா."

ஊக்கைக் கழற்றினேன். இரண்டு தடவை கை கழுவ வைத்து, ஜன்னலோரம் நாற்காலி போட்டேன். உட்கார்ந்ததும் கொழுந்தனார் என் பக்கம் திரும்பினார்.

"முறுக்கு எப்படி இருந்துச்சு அண்ணி? நானே பிழிஞ்சது."

தீபாவளியன்று அவர் லிஃப்டில் இறங்கி முடிப்பதற்குள், கையுறை மாட்டிக்கொண்டு அந்த டப்பாவை அப்படியே மாடியிலிருந்து கீழே இறங்கும் குப்பைக் குழாயில் தள்ளியிருந்தேன். இவர் சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாய் திறப்பதற்கு முன் இவர் சொன்னார்: "அருமைடா. ஒண்ணுகூட மிச்சமில்ல."