நான் மறுக்காத வேடம்

அந்த வேடத்தை நான் மறுக்கவில்லை. எனக்கு அது கிடைக்கவில்லை.

இவ்வளவுதான் விஷயம்! பதினேழு ஆண்டுகளாக என் தொண்டையில் சிக்கிக் கிடப்பவை இந்த இரண்டு வாக்கியங்கள்தாம்.

நீங்கள் என்னை அறிவீர்கள். இங்கே டென்மார்க்கில், ஒடென்சேயில் தமிழர் ஆண்டுவிழா என்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேனே, அவன்தான். "எங்கள் மானத்துக்காகப் பிரித்தானியத் தொலைக்காட்சியையே உதறிய கலைஞர்" என்று ஒலிவாங்கியில் அறிவித்து எனக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறீர்கள். ஒரு முறையல்ல, ஆறு முறை! வைக்க இடமில்லாமல் என் மனைவி வதனி இரண்டை வெட்டித் தலையணை உறை தைத்துவிட்டாள்.

அந்த ஆறு முறையில் ஒரு முறையாவது, உங்களில் ஒருவராவது, "எப்படி மறுத்தீர்? யாரிடம் மறுத்தீர்?" என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் உளறியிருப்பேன். அங்கேயே பிடிபட்டிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை... கைதட்டினீர்கள்.

பாருங்கள், குற்றம் செய்தவன் நான். எரிந்து விழுவது உங்கள் மேல். என் குணம் அப்படி. பொறுத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

என் கலைவாழ்வைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் அந்த வேடத்துக்காக நான் ஏன் நாயாய் அலைந்தேன் என்பது விளங்கும்.

எட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் போனேன். வளர்ந்து நடிப்புப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்தேன். அங்கே அரசனாக நடித்தேன், கொலைகாரனாக நடித்தேன், காதலனாகவும் நடித்தேன். வெளியே வந்ததும் தொலைக்காட்சி எனக்குத் தந்த முதல் வேடம் கடைக்காரன். பால் போத்தலை நீட்டி, "வேறேதும் வேண்டுமா, சேர்?" என்று கேட்க வேண்டும். இரண்டாவது வேடமும் கடைக்காரன். இம்முறை கடையைக் கொள்ளையடிக்கிறார்கள். மூன்றாவது டாக்சிக்காரன். நான்காவது, பிணம்! குளிர்ந்த மேசையில் ஒரு பகல் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.

பிறகு ஓர் ஆஸ்பத்திரித் தொடரில் நான்கு ஆண்டுகள் டாக்டர். வாரத்துக்கு ஒரு வசனம். கதவைத் திறந்துகொண்டு வருவேன், "முடிவுகள் நல்லதாக இல்லை" என்பேன், போய்விடுவேன். நல்ல முடிவு வந்தால் அதைச் சொல்ல ஒரு வெள்ளைக்கார டாக்டர் வருவார்.

நான் இப்போது வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பியர்தே என்றொரு டேனிஷ் அம்மையார் இருக்கிறார். அந்தப் பழைய ஆங்கிலத் தொடர்களை இங்கே இன்னமும் பிற்பகல்களில், திரையின் கீழே டேனிஷ் எழுத்துகளோடு போடுகிறார்கள். ஒருநாள் அவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "நீதானே செத்துக் கிடந்தாய்? நன்றாகச் செய்தாய்" என்றார். என் நடிப்புக்குக் கிடைத்த நேர்மையான பாராட்டு அது ஒன்றுதான்.

இப்படி இருந்தவன் கையில் ஒருநாள் அந்தக் கதைப்பிரதி வந்து விழுந்தது. மூன்று பகுதிகள் கொண்ட தொலைக்காட்சி நாடகம். கதாநாயகனே யாழ்ப்பாணத்து அகதி! முதுகில் தழும்புகளோடு வந்து அடைக்கலம் கேட்கிறான். அவன் பொய் சொல்கிறான், தழும்புகளைத் தானே உண்டாக்கிக்கொண்டான் என்கிறார்கள் அதிகாரிகள். முதல் பகுதி முடியும்போது பார்ப்பவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். மூன்றாம் பகுதியில்தான் அவன் சொன்னது அத்தனையும் உண்மை என்று தெரியவரும்.

நானும் யோகனும் அப்போது லண்டனில் ஒரே அறையில் குடியிருந்தோம். அவனும் நடிகன், என்னைவிட ஒரு கடைக்காரன் வேடம் குறைவு. இருவரும் நடிகர் தேர்வுக்குப் போனோம். மூன்று சுற்றுகள்! நான் பட்டினி கிடந்து உடம்பை இளைத்தேன். வசனங்களைக் கண்ணாடி முன் நின்று மனனம் செய்தேன். மூன்றாம் சுற்று முடிந்ததும் நாடகத்தின் இயக்குநரான அம்மையார் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மன்னிக்கவும்... நீங்கள் சொல்வதை நம்ப முடியவில்லை."

நம்ப முடியவில்லையாம்!

வேடம் யோகனுக்குப் போயிற்று.

மறுநாள் காலை ஒடென்சேயிலிருந்து தொலைபேசி வந்தது. தவம் அண்ணை. அப்போதும் இப்போதும் தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்தான். வதனிக்குச் சித்தப்பாவும் அவர்தான். எங்கள் திருமணம் அப்போது நிச்சயமாகி, மண்டபமும் பார்த்தாகியிருந்தது.

"தம்பி, எங்கட சனத்தைப் பொய்யர் எண்டு காட்டுற நாடகமாம். நீர் அதிலை நடிக்கிறீராம். உண்மையோ?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஸ்கீவ அகதி முகாமில் இருந்த நாட்களில் முன்பின் தெரியாத அதிகாரிகளிடம் சட்டையைக் கழற்றிக் காட்டிவிட்டு, நம்புவார்களா மாட்டார்களா என்று இரண்டு ஆண்டுகள் காத்திருந்த மனிதர் அவர்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'போனேன் அண்ணை, கிடைக்கவில்லை. நாடகத்தைக் கடைசிவரை பாருங்கள், அது நம் பக்கம் நிற்கும் நாடகம்.' இதைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஆனால் தோற்றவன் என்று வதனி வீட்டாருக்குத் தெரிவதை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லை அண்ணை. கேட்டவைதான்... நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

மறுமுனையில் மனிதர் அழுகிறார்! "நீர் எங்கட பிள்ளை, தம்பி" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்: "அப்ப ஆர் நடிக்கப்போறது?"

"யோகன்" என்றேன்.

யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. தெரியாது என்றால் முடிந்திருக்கும். ஏன் சொன்னேன்? எத்தனை முறை என்னை நானே கேட்டுவிட்டேன்... பொறாமையா? ஆம், பொறாமைதான்! வேறு பெயர் வைத்து அதை அழகுபடுத்த எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், நடத்தியவர்கள் நீங்கள்தானே. டென்மார்க்கிலும் அந்த நாடகத்தைக் காட்டினார்கள். முதல் பகுதியைப் பார்த்துக் கொதித்தீர்கள். சங்கம் கூடி, மீதியை ஒருவரும் பார்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. அப்படியே ஒருவரும் பார்க்கவில்லை! வேறெந்தத் தீர்மானத்தையும் இத்தனை கட்டுப்பாடாக நீங்கள் காப்பாற்றியதில்லை.

யோகன் லண்டனில் இருந்தான். அவன் உங்கள் கைக்கு எட்டவில்லை. அவனுடைய அக்கா சுகந்தி இங்கே ஒடென்சேயில் இருந்தார். அவர் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்துவந்தார். கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினீர்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பிறந்தநாள், புதுமனை, பொங்கல் எதற்கும் அவர் வீட்டுக்கு அழைப்பிதழ் போகாது. நான் மறுத்த எச்சிலை அவர் தம்பி பொறுக்கினான் என்று கதை! திருமணமாகி நான் இங்கே குடிவந்த பிறகு கடைத்தெருவில் அவரைக் காண்பேன். தலையைக் குனிந்துகொண்டு கைபேசியைப் பார்ப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் பகுதியை நான் பார்த்தேன். வதனி ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். யோகன் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், தனக்கு நடந்ததைச் சொல்கிறான். நான் தேம்பித் தேம்பி அழுதேன். என்னால் அதில் பாதிகூடச் செய்திருக்க முடியாது. அந்த இயக்குநர் அம்மையார் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்.

இந்த வசந்தத்தில் சுகந்தி அக்காவின் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டார் சங்கத்தில் பெரியவர்கள் என்பதால் எல்லோரும் போனோம். யோகனும் லண்டனிலிருந்து வந்திருந்தான். பத்துப் பேர் அமரும் வட்ட மேசையில் அவன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். மற்ற மேசைகளில் பதினொன்றாவது கதிரையை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தீர்கள். சுகந்தி அக்கா பலகாரத் தட்டோடு அந்த மேசையையே சுற்றிச் சுற்றி வந்தார்.

தவம் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்தார். "எங்கட சனத்தை இழிவுபடுத்தின வேடத்தை, தேடி வந்தும் வேண்டாம் எண்ட எங்கட கலைஞர் இப்ப மணமக்களை வாழ்த்துவார்!"

யோகன் தலையை நிமிர்த்தினான். அவன் அதை முதன்முறையாகக் கேட்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அவன் அக்கா அத்தனை ஆண்டுகளாக அவனிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. மண்டபத்தில் நானூறு பேர். ஒரு வாக்கியம் போதும்... ஒரே ஒரு வாக்கியம்! அந்த மேசை நிரம்பியிருக்கும்.

"மணமக்கள் நீடூழி வாழ்க" என்றேன். கைதட்டினீர்கள்.

வெளியே சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்துக்கு யோகன் என்னைத் தேடி வந்தான்.

"டேய், நீ மறுத்தனியா?"

நான் என் சைக்கிளின் பூட்டைத் திறக்கக் குனிந்தேன்.

"அண்டைக்கு றூமிலை சாப்பிடாமல் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தனி. நான்தான் உனக்குப் பாண் வாங்கித் தந்தனான்" என்றான். அவன் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கத்தவில்லை. "அக்கா வீட்டை ஏன் ஒருத்தரும் வாறேல்லை எண்டு இவ்வளவு நாளும் எனக்கு விளங்கேல்லை. அவவே என்ரை நாடகத்தை முழுக்கப் பாக்கேல்லை. பார் எண்டு கெஞ்ச எனக்கு வெக்கமாக் கிடந்தது. இப்ப நான் வாய் திறந்தால் எரிச்சலிலை கதைக்கிறான் எண்டுவினம். நீ சொல்லு."

சொன்னேன். நம்புங்கள், சொன்னேன்!

முதலில் வதனியிடம். காலையில் வேலைக்குக் கிளம்பச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். "அப்ப நான் ஆரைக் கலியாணம் கட்டினனான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் உடனே நம்பிவிட்டாள். அவ்வளவு சுலபமாக என்னைப் பற்றி அவளால் எப்படி நம்ப முடிந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பிறகு ட்ராம் ஏறித் தவம் அண்ணை வீட்டுக்குப் போனேன். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மூன்று சுற்றுகளையும் சொன்னேன், இயக்குநர் சொன்னதையும் சொன்னேன், நாடகத்தின் முடிவையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்களைத் துடைத்தார். பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்!

"தம்பி, உம்மடை மனம் ஆருக்கு வரும்? சிநேகிதன் தனிய இருந்ததைப் பாத்துத் தாங்கேலாமல் உம்மடை பேரையே கெடுக்கப் பாக்கிறீர்."

"ஐயோ அண்ணை, உண்மையாச் சொல்லுறன்! எனக்கு அந்த வேடம் கிடைக்கேல்லை! மூண்டாம் பகுதியை இப்பவே போட்டுக் காட்டுறன், பாருங்கோ!"

"அதைப் பாக்கிறேல்லை எண்டு தீர்மானம் எடுத்தனாங்கள் எல்லோ" என்றார் பொறுமையாக. "இருந்து தேத்தண்ணி குடியும்."

எனக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் என் பெருந்தன்மையை அவர் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னாராம். மூன்று நாட்கள் உங்கள் தொலைபேசி அழைப்புகள்! "நீங்கள் மனிசரே இல்லை, தெய்வம்" என்று ஒருவர். ஒவ்வொருவரிடமும் மறுத்தேன். மறுக்க மறுக்க இன்னும் உருகினீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்திலாவது நம்புவீர்களா? அதுவும் எனக்குத் தெரியவில்லை...

நான்காம் நாள் சுகந்தி அக்கா அழைத்தார். இத்தனை ஆண்டுகளில் முதல் முறை.

"தம்பி, நீங்கள் சொன்னதாக் கேள்விப்பட்டனான். என்ரை தம்பி செய்த பிழைக்கு நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். எங்களுக்கு ஒருத்தற்றை இரக்கமும் தேவையில்லை."

"அக்கா, அவன் ஒரு பிழையும் செய்யேல்லை. அந்த நாடகத்திலை..."

"நான் முதல் பகுதி பாத்தனான்" என்றார். வைத்துவிட்டார். நான் திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.

அன்று பிற்பகல் யோகனிடமிருந்து செய்தி வந்தது. "சொல்லிட்டியா?" என்று கேட்டிருந்தான். "ஓம்" என்று அனுப்பினேன்.

உடனே அடுத்தது வந்தது. "அக்கா நம்பினவவோ?"

மூன்று வாரமாகிறது. நான் இன்னும் பதில் எழுதவில்லை.