பெரியப்பா மறக்காத பாறை

காங்கேசன்துறையில் வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுகிறார்கள். அந்த நாற்றம் என்னை மயிலிட்டிக்கு, என் எட்டு வயதுக்கு இழுத்துப் போகிறது.

பெரியப்பாவுக்குப் பெயர்கள் நினைவில் தங்காது. என்னை எங்கள் ஆட்டின் பெயரைச் சொல்லி, "வெள்ளைச்சி" என்றே கூப்பிடுவார்.

"அப்பு, உங்களுக்கு மறதி. இனிக் கடலுக்கு வராதேங்கோ," என்று, ஒருநாள் நாங்கள் மூவரும் வள்ளத்தில் ஏறியபோது, அவர் மகன் சுக்கானைப் பறித்தான்.

"சும்மா குந்தியிருந்து வாறன். தண்ணிக்கடியிலை மீன் கூடுற பாறையை நீயே காட்டு, பாப்பம்!"

மகன் காட்டிய இடத்தில் ஒரு மீனும் கடிக்கவில்லை. பெரியப்பா கரையைப் பார்த்தார்.

"கோயில் கோபுரம் அந்த ஒற்றைப் பனைக்குப் பின்னாலை மறையவேணும், அங்கைதான் பாறை. இன்னும் போடா."

கோபுரம் மறைந்ததும் தூண்டில் போட்டோம். விளைமீன்கள் விடாமல் கடித்தன. மகன் சுக்கானை அவருக்கு விட்டு எழும்பினான்.

"பெரியப்பா, என்ரை பேரென்ன?" என்று சீண்டினேன்.

"உன்ரை பேரைச் சொன்னால் மீன் கடிக்குமோடா, வெள்ளைச்சி?"

இன்றைக்கும் யாராவது ஆட்டை அப்படிக் கூப்பிட்டால், முதலில் திரும்புவது நான்தான்.