அறுபத்தேழாம் எண் அட்டை

தஞ்சாவூரிலிருந்து தெற்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அந்த ஊர் நூலகத்துக்கு இரண்டு கருவிகள் வந்து இறங்கியிருந்தன. ஒன்று, உறுப்பினரே அட்டையையும் புத்தகத்தையும் வைத்துப் பதிவு செய்துகொள்ளும் மேடை. மற்றது, திருப்பிப் போடும் பெட்டி. இரண்டையும் நூலகத்தின் மென்பொருளோடு பேச வைப்பது என் வேலை. நான் தனியாகப் போன முதல் வேலை. ஐந்து நாள் கொடுத்திருந்தார்கள். மூன்றே நாளில் முடித்துவிடுகிறேன் என்று யாரும் கேட்காமலே சொல்லிவைத்திருந்தேன்.

பேச்சு என்றால் நிஜமாகவே பேச்சுதான். அட்டையை வைத்ததும் கருவி ஒரு வரி அனுப்பும்: இந்த எண் யார்? மென்பொருள் ஒரு வரி பதில் சொல்லும்: இன்னார், கொடுக்கலாம். கருவி உடனே திரையில் வணக்கம் சொல்லி, அவர் பெயரைக் காட்டும்.

தை மாதம், சம்பா அறுவடை நேரம். நூலகருக்கும் கொஞ்சம் நிலம் இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் அவருக்கு ஒரு போன் வந்தது.

"அறுவடை மெஷின் வந்துடுச்சும்மா. இன்னைக்கு விட்டா இன்னும் ஒரு வாரம் ஆகும். நீ பாத்துக்க. அந்த அறுபத்தேழாம் நம்பர் கார்டை மட்டும் தொட்டுடாத."

"ஏன் சார், அதுல என்ன?"

"வந்து சொல்றேங்கிறேன்ல" என்று வண்டியை உதைத்தார்.

தொடாதே என்றால் பார்க்காதே என்று அர்த்தமில்லையே. வண்டிச் சத்தம் அடங்குவதற்குள் திறந்துவிட்டேன்.

ஒரு ஆண். முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடை ஊர். அவர் கையில் இரண்டு புத்தகங்கள். அதில் ஒன்றைப் பதினைந்து நாளுக்கொரு முறை, இரண்டு வருஷமாக, நூலகரே புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தார். கீழே அவர் இதுவரை எடுத்த புத்தகங்களின் பட்டியல். சும்மா உருட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றேன். மறுபடி மேலே போனேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் உறுப்பினரானதும் அவர் எடுத்த முதல் புத்தகம் தென்னை வளர்ப்பு. அடுத்தது ஒரு துப்பறியும் நாவல். அப்புறம் சிறுவர்களுக்கான மந்திர வித்தைகள். அப்புறம் ஒரு தடித்த குடும்ப நாவல். இப்போது, இந்த இரண்டு வருஷத்தில், அதே தென்னை வளர்ப்பு, அதே நாவல், அதே மந்திர வித்தைகள். வரிசை ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. பழைய காலடிகளின் மேலேயே கால் வைத்து ஒருவர் இரண்டாம் முறை நடந்துகொண்டிருந்தார்.

நூலகத்தில் யாருமில்லை. மின்விசிறிக் காற்றில் செய்தித்தாள் ஒன்று தானாகப் பக்கம் புரட்டியது.

தரவு மாற்றும்போது பழைய வரிகள் புதுத் தேதியோடு இரண்டாவது முறை ஏறியிருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரிபார்க்க அவர் எண்ணுக்குப் போன் போட்டேன். வெகுநேரம் அடித்தது. எடுத்தார்கள். குரல் இல்லை. மோட்டாரிலிருந்து தண்ணீர் தொட்டியில் கொட்டும் சத்தம் மட்டும். நான் அவர் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அவங்க புத்தகந்தானே?" ஒரு பெண்ணின் குரல், அவசரமே இல்லாமல். "படிச்சுக்கிட்டிருக்கு. புதன்கிழமை வந்துடும்."

வைத்துவிட்டார்.

எது படிச்சுக்கிட்டிருக்கு? பீரோவில் இருந்த பழைய விண்ணப்பக் கட்டை எடுத்துப் புரட்டினேன். அறுபத்தேழு. ஒட்டிய போட்டோவில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற முகம். மூலையில் நூலகரின் கையெழுத்தில், பென்சிலில்: இறந்துவிட்டார். கீழே தேதி. இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பயம் வந்தால் எனக்கு நிதானம் வராது, வேகம்தான் வரும். இறந்தவர்களின் அட்டையை நீக்க வேண்டும் என்று எனக்குக் கொடுத்திருந்த வேலைத்தாளிலேயே இருந்தது. நீக்கு என்றேன். இரண்டு புத்தகங்கள் வெளியே இருக்கின்றன, தொலைந்ததாகக் குறிக்கவா என்று மென்பொருள் கேட்டது. ஆம். எடுத்த புத்தகங்களின் பட்டியலும் அழிந்துவிடும், சம்மதமா? ஆம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. டீ குடிக்கப் போனேன்.

புதன்கிழமை காலை கருவாட்டு வாசனையோடு ஒரு அம்மா உள்ளே வந்தார். சந்தைக்குக் கூடை இறக்கிவிட்டு வருகிறவர். மஞ்சள் பையிலிருந்து ஒன்பது அட்டைகளை எடுத்தார்; அவர் தெருவுக்கே அவர்தான் புத்தகம் எடுத்துப் போவாராம். என் கருவியில் ஒரு முகத்துக்கு ஒன்பது பெயர்கள் வணக்கம் பெறப்போகின்றன என்று யோசித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன்.

"இது பேசுமா பொண்ணே?"

"எழுதிக் காட்டும் அம்மா."

"அதுவும் நல்லதுதான். உங்க சார் பேச ஆரம்பிச்சா எனக்கு பஸ்ஸு போயிடும்."

எட்டு அட்டைக்கும் வணக்கம் வந்தது. ஒன்பதாவது அறுபத்தேழாம் எண். அதோடு, நூலகர் போகுமுன் மேஜைக்கடியில் எடுத்துவைத்திருந்த ஒரு புத்தகத்தை வைத்தார். திரை சிவந்தது. இந்த அட்டை செல்லாது.

"என்ன சொல்லுது?"

"அவர் இறந்துட்டாரும்மா. அதனால..."

"அது எங்களுக்குத் தெரியாதா? மோட்டார் கொட்டகையில கரண்டு அடிச்சு விழுந்தவனைத் தூக்கினதே நாங்கதான்." திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "படிக்கிறது அவன் பொண்டாட்டி. அவன் என்னென்ன படிச்சானோ அதையெல்லாம் முதல்லேருந்து, அதே வரிசையில. சார் கம்ப்யூட்டர்ல பாத்து அடுத்தது எதுன்னு எடுத்துக் குடுப்பாரு. வேற எங்கயும் அது எழுதி இல்ல."

அந்தப் பட்டியலைத்தான் நான் அழித்திருந்தேன்.

சோதனைக்காக முந்தின வெள்ளிக்கிழமை எடுத்த நூலகத் தரவின் நகல் ஒன்று என் மடிக்கணினியில் இருந்தது. திறந்தேன். அதில் அவர் இருந்தார். தென்னை வளர்ப்பு முதல் கடைசிவரை.

"அம்மா, இருக்கு! மொத்தமா பிரிண்ட் எடுத்துத் தர்றேன். இனிமே அவங்க யாரையும் கேக்கவே வேணாம்."

"வேணாம்" என்றார் அந்த அம்மா. அத்தனை சீக்கிரம் சொன்னார். "கடைசிப் புத்தகம் அவ வீட்லதான் இருக்கு. அவன் பாதி படிச்சு, வைக்கோலை அடையாளம் வச்சு மூடினது. முன்னாடி உள்ளதெல்லாம் படிச்சு அதுக்கு வர்ற வரைக்கும் தொட மாட்டேங்குறா. அதுக்கு முன்னாடி இன்னும் எத்தனைன்னு தெரிஞ்சுக்கவும் மாட்டேங்குறா. நீ மொத்தமா குடுத்தா எண்ணிடுவா. எண்ணிட்டா முடிஞ்சுபோயிடும்."

"அப்ப மறுபடி உள்ள ஏத்தணும், நேரமாகும். பஸ் போயிடுமே அம்மா."

"போகட்டும். இதில்லாம அவ வாசல்ல போய் நான் என்னன்னு நிக்கிறது?"

நகலிலிருந்து அந்த ஒருவரை மட்டும் பிரித்து மீண்டும் உள்ளே ஏற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த அம்மா பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்ததும் அட்டையை வைத்தார். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு வணக்கம் சொல்லி, இறந்தவரின் பெயரைக் காட்டியது. அந்த அம்மா சற்றுப் பின்வாங்கி, யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றார். நானும் என்னை அறியாமல் ஒதுங்கினேன்.

மென்பொருள் சொல்லும் பதிலில், திரையில் காட்டுவதற்கென்று ஒரு சின்ன இடம் உண்டு. பெரும்பாலும் காலியாகவே போகும். அன்று அதில் அறுபத்தேழாம் எண்ணுக்கு மட்டும் அடுத்த புத்தகத்தின் பெயர் வரும்படி எழுதினேன். ஒன்றே ஒன்று, எத்தனை மீதி என்பது வராது.

மறுநாள் நூலகர் சட்டையெல்லாம் வைக்கோல் தூசியோடு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தொடாதன்னுதானே சொன்னேன்" என்றார். கருவியின் முன்னால் போய் நின்று, அந்தத் திரையை வெகுநேரம் பார்த்தார்.

இப்போது நான் தஞ்சாவூரிலிருந்தே அந்தப் பதிவைப் பார்க்கிறேன். புதன்கிழமைகளில், பதினொரு மணியை ஒட்டி, எட்டு வரிகள் வந்தபின் ஒன்பதாவதாக அது வரும்: இந்த எண் யார்? இன்னார், கொடுக்கலாம். அந்த நகலை அன்றைக்கே அழித்துவிட்டேன். ஆனால் ஏற்றும்போது எண்ணியாகிவிட்டது. அந்த எண் மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவர் மனைவி கேட்காத கணக்கு அது, என்னிடம் இருக்கிறது, வாரத்துக்கு ஒன்று குறைகிறது. வரி வர ஐந்து நிமிஷம் தாமதமானால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். வைக்கோல் வைத்த புத்தகம் நூலக அலமாரியில் இல்லை, அவள் வீட்டில் இருக்கிறது. அது ஒன்றே மீதியாகும் அந்தப் புதன்கிழமை, திரையின் சின்ன இடத்தில் என்ன வர வேண்டும் என்று இன்னும் நான் எழுதவில்லை.