ஹார்லனின் முகம் தெரிந்த வாரம்

'ஷெரிஃப் கல்லார்டு' தொடரில் மட்டும் ஹார்லன் டிப்டன் ஐம்பத்துமூன்று தடவை செத்திருக்கிறான். கூரையிலிருந்து விழுந்து, குதிரையிலிருந்து விழுந்து, மதுக்கடைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்து. சனிக்கிழமை சாயங்காலமானால் அமெரிக்காவில் பாதி வீடுகளில் அவன் சாவதைப் பார்த்தார்கள். ஆறு வருஷத்தில் அவன் முகத்தை மட்டும் ஒருத்தரும் பார்த்ததில்லை.

கௌபாய் தொடர்களில் அது வழக்கம். வில்லன் கூட்டத்தில் வருகிறவனுக்குத் தொப்பி கண் வரை இறங்கியிருக்க வேண்டும், கழுத்துத் துணி மூக்கு வரை ஏறியிருக்க வேண்டும். கேமரா ஒருவன் முகத்துக்குக் கிட்டே போய்விட்டால், காட்சிக் குறிப்பு எழுதும் பெர்னீஸ் தன் நோட்டில் அவன் பெயர்மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுவிடுவாள். போன மாதம் செத்தவன் எப்படி உயிரோடு வந்தான் என்று ஜனங்கள் கடிதம் எழுதிக் கழுத்தை அறுப்பார்களே! கோடு விழுந்தவனுக்கு அதோடு அங்கே வேலை கிடையாது. முகத்தை ஒளிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பிழைப்பு. முகம் புழுதிப் பக்கம் போகிற மாதிரி விழுவதற்கு ஹார்லனை விட்டால் ஆளில்லை என்பார்கள். பெரிய பெருமைதான், போங்கள்.

ஊரில் அப்பா இருந்தார். ஒக்லஹோமாவில் கோதுமை விவசாயி, எமெட் டிப்டன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுவடை பாதியில் நிற்கையில், நடிக்கப் போகிறேன் என்று மகன் பஸ் ஏறினான். அவர் தடுக்கவில்லை. "உன் மூஞ்சிய நான் படத்துல பாக்கணும்டா. பாத்தப்புறம் இந்த வாசப்படி மிதி. அதுவரைக்கும் வராத" என்றார். மகனுக்கும் அதே வீம்பு. அப்படியே போகாமல் இருந்துவிட்டான்.

அவன் பெயரைச் சொல்லித்தான் எமெட் டெலிவிஷன் பெட்டி வாங்கினார். சனிக்கிழமை அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து உட்கார்ந்து, உன் மகன் எது எமெட், அந்தத் தொப்பியா இல்லை அந்த பூட்ஸா என்று கிண்டலடிப்பார்கள். அவரும் சிரிப்பார். அவர்கள் போன பிறகு சாப்பிடமாட்டார் என்று ஹார்லனின் தங்கை அயோன் எழுதினாள். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. அப்பாவுக்குக் கண் நரம்பு பட்டுப்போகிறது, வசந்தத்துக்குள் பார்வை முழுக்கப் போய்விடும் என்கிறார் டாக்டர்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஹார்லன் டைரக்டர் கார்வினிடம் போனான். ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டான்.

"காட்டிட்டா முடிஞ்சுதுப்பா. அப்புறம் உன்னக் கூப்பிட என்னால முடியாது. பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

தெரியும் என்று பொய் சொன்னான்.

குதிரைக் கொட்டிலில் குண்டடிபட்டுச் சாகும் கொள்ளைக்காரன் வேஷம். மேக்கப்காரர் ஒட்டுத்தாடியோடு வந்தார். ஹார்லன் அவர் கையைத் தள்ளிவிட்டு வழுவழுவென்று சவரம் செய்துகொண்டு வந்தான். தொப்பி இல்லை, துணி இல்லை. காற்றாய்ப் போன குரலில் தண்ணீர் கேட்க வேண்டும், வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று முனக வேண்டும், கண்ணை மூட வேண்டும். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. கார்வின் 'கட்' சொல்ல மறந்து நின்றார். பெர்னீஸ் அவனை நிமிர்ந்து பார்க்காமலே கோடு போட்டாள்.

மனைவி வெர்னாவிடம் அன்றைக்குத்தான் சொன்னான். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அவள். ஆனாலும் ஒளிபரப்பாகிற வாரம் அவனுடைய நல்ல சட்டைகளை அவளேதான் இஸ்திரி போட்டாள். இந்தச் சனிக்கிழமை முகம் தெரியும் என்று அப்பாவுக்குச் சொல்லியாயிற்று, ஞாயிற்றுக்கிழமைக் காலை ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

சனிக்கிழமை வந்தது. காட்சியை ஒரு நொடி குறைக்காமல் போட்டிருந்தார்கள். திரை முழுக்க அவன் முகம். தொடர் முடிந்த கொஞ்ச நேரத்தில் டெலிபோன் அடித்தது. அப்பா.

"டேய், இன்னைக்கு அந்தக் கொட்டில்ல ஒருத்தன் செத்தான் பாரு, யார்றா அவன்? எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. சரி, நீ எங்கடா வந்த? கண்ணக் கொட்டாமப் பாத்தேன். இங்க யாருமே உன்னப் பாக்கலங்கறாங்க."

ஹார்லனின் கை தன் மூக்கைத் தடவிப் பார்த்தது. இரண்டாவது வருஷம் குதிரை விழுந்து மூக்கு உடைந்தது. மறு வருஷமும் உடைந்தது. தாடை ஒரு பக்கம் கோணிக்கொண்டது, முன்பற்கள் மூன்று கட்டினவை, முடியில் பாதி இல்லை. வெர்னாவுக்கு இந்த முகத்தைத்தான் தெரியும். அங்கே அவர்கள் பஸ் ஏறிப்போன பையனைத் தேடியிருக்கிறார்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலிலும் இவனைப் போன்றவர்கள் பெயர் வராது.

"வெட்டிட்டாங்கப்பா" என்றான். "நேரம் பத்தலையாம்."

"அட, அதுக்கென்னடா. மனச விட்றாத. அடுத்த வாரம் காட்டுவாங்கல்ல? பெட்டிக்கு இன்னும் கிட்ட உக்காந்துக்கறேன்."

"காட்டுவாங்கப்பா."

போனை வைத்ததும் வெர்னாவுக்குத் தாங்கவில்லை. "உண்மையச் சொன்னா என்ன? அது நீதான்னு சொல்லேன்."

"பெத்த புள்ள மூஞ்சியே உங்களுக்குத் தெரியலன்னு நான் சொல்லணுமா அவருக்கு?"

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். போயிருக்கலாம், மடையன். பார்வை போன பிறகாவது போயிருக்கலாம், குரல் போதுமே. போகவில்லை. பக்கத்து ஊர் வான் நைஸில் ஒரு மரக்கடையில் பலகை சுமக்கப் போனான்.

மே மாதம் அயோனின் கடிதம் வந்தது. அப்பாவுக்கு இப்போது வெளிச்சம்கூடத் தெரிவதில்லையாம். இருந்தாலும் சனிக்கிழமை தவறாமல் முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறாராம். துப்பாக்கி வெடிக்கிறபோதெல்லாம், வந்தானா, முகம் தெரிந்ததா என்று கேட்கிறாராம். வந்தான் அப்பா, நன்றாகத் தெரிந்தது என்று இவள் சொல்லிவிடுகிறாளாம். அப்படியானால் அவனை வரச்சொல்லி எழுது என்று போன வாரம் சொன்னாராம்.