தெருவுக்கு முதுகு காட்டிய பூப்பாத்தி

வேலை நடக்கிற இடங்களில் அவரை யாரும் மேஸ்திரி என்று கூப்பிடுவதில்லை. தரை மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே வைத்து, ரசமட்டம் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் போட்ட தரையில் தண்ணீரைக் கொட்டினால், அது எந்தப் பக்கம் ஓட வேண்டுமென்று அவர் நினைத்தாரோ அந்தப் பக்கம்தான் ஓடும். ஊரார் வீட்டுத் தரைக்கே இவ்வளவு மெனக்கெடுகிற மனுஷன் தன் வீட்டு வாசலைச் சும்மா விடுவாரா? குடிவந்த புதிதில் மனைவி, "ஏங்க, முன்னாடி ஒரு ஓரமா கொஞ்சம் மண்ணை விட்டு வைங்க, நாலு பூச்செடி வைக்கிறேன்" என்று கேட்டாள். "மண்ணா? மழை பெஞ்சா சேறாயிடும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டு, கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் சிமெண்ட் பூசி, முகம் பார்க்கிற அளவுக்கு வழவழவென்று தேய்த்து வைத்தார்.

அந்த வழவழப்பில்தான் ஒரு மழைநாள் காலையில் அவள் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துபோனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் இரண்டு மாதம் கட்டிலோடு கட்டில் என்றார் டாக்டர்.

கட்டில் போட முன்னறைதான் சரி. ஜன்னல் தாழ்வு, காற்று வரும். ஆனால் ஜன்னல் வழியாக என்ன தெரியும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இதை யோசித்தார். தன்னை விழத்தட்டிய தரையையே அவள் இரண்டு மாதம் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்! 'என்னை மன்னிச்சுக்கோ' என்ற வார்த்தை தினமும் தொண்டை வரைக்கும் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்? அவள் முகத்தைப் பார்த்ததும், "மாத்திரை போட்டியா?" என்றுதான் வாயிலிருந்து விழுந்தது. அவள் வீட்டுக்கு வருவதற்குள் அந்த இடத்தில் ஏதாவது பூத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? இதுதான் அவருக்கு ஒரே நினைப்பு.

தெருவோரத் தாழ்வான சுவரை ஒட்டிப் பன்னிரண்டு அடி நீளம், நாலடி அகலம் என்று கோடு போட்டு, உளியும் சம்மட்டியுமாக உட்கார்ந்தார். இரண்டு நாள் ஆயிற்று. "எவன்டா இவ்வளவு கெட்டியா கலவை போட்டது?" என்று கத்திவிட்டு, அந்த எவன் யாரென்று ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செடி நர்சரி வைத்திருந்த அம்மாவுக்குக் குரல் எட்டு வீடு கேட்கும்.

"எனக்கு ஒரு பூப்பாத்தி வேணும். மூணே வாரத்துல."

"பாத்தி கடையில கிடைக்காது அண்ணே, நீங்கதான் போடணும். வெயில் எத்தனை மணி நேரம் விழுது?"

வெயிலை யார் அளந்தார்கள்? வீட்டுக்கு வந்தவர் மறுநாள் காலையிலிருந்து மணிக்கு மணி நிழல் விழுகிற இடத்தைச் சாக்பீஸால் குறித்தார். படமாகவே வரைந்து கொண்டுபோய் நீட்டினார். நர்சரியம்மா சிரித்துவிட்டாள். "ஜில்லா கலெக்டர் ஆபீஸ் கட்டவே இவ்வளவு கணக்கா வரைய மாட்டாங்க போலிருக்கே! ஆறு மணி நேரம் வெயில் இருக்கு, போதும். மூணு வகை எடுத்துக்கோங்க. புதுசா செய்யறவங்க ஆசைப்பட்டுக் கடையையே அள்ளிட்டுப் போவாங்க, அப்புறம் ஒண்ணையும் காப்பாத்த மாட்டாங்க. குட்டைக்குப் பத்துமணிப்பூ, நடுவுல ஜினியா, உயரத்துக்குச் சூரியகாந்தி. மொட்டு வர்ற செடியாவே தர்றேன். உயரமானதைப் பின்னாடி நடுங்க, குட்டையானதை முன்னாடி நடுங்க."

தலையாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கின உரம். சிமெண்ட் கலவை மாதிரியே குவித்து, நடுவில் குழி பறித்து, தண்ணீர் விட்டுக் கலந்தார். பாத்தியில் கொட்டினார். கை சும்மா இருக்குமா? தரை இடிக்கிற திம்மிசுக் கட்டையை எடுத்து மண்ணைத் தரை மாதிரி இறுகச் சாத்தத் தொடங்கினார். கடையைப் பூட்டிவிட்டு அந்தப் பக்கமாகப் போன நர்சரியம்மா பதறிப்போனாள்.

"ஐயோ அண்ணே! அதுக்குள்ள வேர் போக வேண்டாமா? கிளறி விடுங்க, பொலபொலன்னு கிடக்கட்டும்!"

அசடு வழியக் கிளறிவிட்டார். நூல் பிடித்து, சாண் அளந்து, முப்பத்திரண்டு செடிகளை வரிசை பிசகாமல் நட்டார். தெருவில் இறங்கி நின்று பார்த்தார். சுவரோரம் குட்டை, அதற்குப் பின்னால் நடுத்தரம், அதற்கும் பின்னால் வீட்டுப் பக்கமாகச் சூரியகாந்தி. அளவெடுத்த மாதிரி இருந்தது. அவர் தொழிலில் ஒரு வீடு நன்றாக இருக்கிறதா என்பதைத் தெருவில் நின்றுதான் பார்ப்பார்கள். முன்பக்கம் என்றால் தெருப்பக்கம், அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவள் வருவதற்கு நாலு நாள் இருந்தது. கட்டிலை ஜன்னலோரம் போட்டு, உயரம் சரியாக இருக்குமா என்று தானே ஏறிப் படுத்தார். தலையணையில் தலையை வைத்து ஜன்னல் பக்கம் திரும்பினார்.

சூரியகாந்தித் தண்டுகளும் இலைகளும்தான் தெரிந்தன. ஜினியா இல்லை. பத்துமணிப்பூ இருந்த சுவடே இல்லை. வேலி கட்டி மறைத்தாற்போல் இருந்தது.

"அடப்பாவி!" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்தார். போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் பூவைக் காட்டிவிட்டு, கட்டிலில் கிடக்கப்போகிறவளுக்கு இலையைக் காட்டுகிற பாத்தி!

செருப்பைக்கூடப் போடாமல் நர்சரிக்கு ஓடினார். விஷயத்தைக் கேட்ட நர்சரியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "எங்க இருந்து பாக்கப் போறாங்கன்னு நானும் கேக்காம விட்டுட்டேனே அண்ணே. வெயில் தாழட்டும், நானும் வர்றேன். வேரோட மண் உதிராம எடுத்தா பொழைச்சுக்கும்."

சொன்னபடியே வந்தாள். இருட்டுவதற்குள் இரண்டு பேருமாக ஒவ்வொரு செடியையும் மண்ணோடு பெயர்த்து, சூரியகாந்தியைத் தெருச் சுவரோரமும் பத்துமணிப்பூவை வீட்டுப் பக்கமும் மாற்றி நட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் படுத்துக் கிடந்தப்ப ஜன்னலே இல்லாத ரூம் அண்ணே. அதான் மனசு கேக்கல."

மேஸ்திரி கைகூப்பினார். "இந்த உதவியை உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேம்மா" என்று எப்படியோ சொல்லி முடித்தார்.

மறுநாள் செடிகளெல்லாம் தலை தொங்கிக் கிடந்ததைப் பார்த்து அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. குச்சி நட்டுப் பழைய போர்வையை விரித்து நிழல் கட்டினார். காலையும் மாலையும் வேரடியில் மட்டும் தண்ணீர் ஊற்றினார். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்றிரண்டு தலை தூக்கின. நாலாம் நாள் காலையில் மூன்று செடிகள் செத்திருந்தன, மற்றதில் ஒன்று தவிர எல்லாம் நிமிர்ந்துவிட்டன. கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, மட்டம் பார்த்தார்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள். ஒரு பக்கம் பிடித்தவர் மேஸ்திரியோடு வேலை பார்க்கிற கொத்தனார். கட்டிலில் விட்டுவிட்டு வெளியே போனவர் தெருவிலிருந்து சத்தம் போட்டார்.

"யோவ் ரசமட்டம்! என்னய்யா தலைகீழா நட்டு வச்சிருக்கே? இங்க நின்னா சூரியகாந்தியைத் தவிர ஒண்ணும் தெரியலையே! தொழில் மறந்து போச்சா?"

"ஆமாய்யா, மறந்துதான் போச்சு" என்றார் மேஸ்திரி.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே மஞ்சளும் ரோஸுமாகப் பத்துமணிப்பூ, அதற்கு மேலே சிவப்பு ஜினியா, எல்லாவற்றுக்கும் மேலே விரிந்தும் விரியாமலும் ஐந்தாறு சூரியகாந்தி. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள்.

"என் பக்கமா வச்சு நட்டிருக்கீங்களே. யாருங்க யோசிச்சது?"

"உன் கட்டில்ல படுத்துப் பாத்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது."

"நான் இருக்கற இடத்துல இருந்து பாக்கறதுக்கு உங்களுக்கு இருபத்தெட்டு வருஷம் ஆயிருக்கு" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

மேஸ்திரி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நீ கேட்டப்பவே மண்ணை விட்டிருக்கணும். நான் போட்ட தரைதான் உன்னைத் தள்ளிடுச்சு. என்னை மன்னிச்சுக்கோ. நீ திரும்பி வந்தியே, அது போதும் எனக்கு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்வெட்டி பிடித்துப் புதிதாகக் காய்த்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில வலியைவிட எனக்குப் பெரிய கவலை, இந்த மனுஷன் தன்னையே திட்டிக்கிட்டு ஒத்தையா கிடப்பாரேன்னுதான்" என்றாள். "போதும், எந்திரிங்க. மூணாவது வரிசையில ஓரமா ஒண்ணு வாடிக் கிடக்கு, தண்ணி ஊத்துங்க. எனக்கு இங்கிருந்தே எல்லாம் தெரியுது."