பங்கு இருக்கு, காணி இல்ல

பங்குத் தரகன் வேலையில் பங்கு வாங்கிக் கொடுப்பது சின்ன வேலை. வாங்கினவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் ஆளைத் தின்கிற வேலை. கொழும்பில் ஒரு தரகுக் கம்பனி, அதற்கு மாத்தளையில் ஏஜண்டு நான். திருகோணமலை வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் மேசை, கதிரை, டெலிபோன். டெலிபோன் பாதி நாள் பேசாது. காலையில் பேப்பரைப் பிரித்து விலையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள், "அன்னைக்கே வித்திருக்கலாமே" என்று வீட்டில் பேச்சு வாங்கினவர்கள் யாராவது இருந்தால் கிட்ட வந்து உட்காருங்கள். நீங்கள் தனியாள் இல்லை.

நட்டம் வருமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். "வரலாம்" என்று உண்மையைச் சொன்னால் முகம் சுண்டிப்போகும், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காதர் நானா மட்டும் வேறு மாதிரி. தம்புள்ளைப் பக்கத்து வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் சொந்த லொறியில் ஏற்றி வந்து மாத்தளையில் விற்கிற வியாபாரி அவர். வட்டி ஹராம் என்பதால் பாங்கு வட்டியைக் கையால் தொடமாட்டார். நான் புத்திசாலித்தனமாக, வருஷா வருஷம் இவ்வளவு வரும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற பங்கு ஒன்றைக் காட்டினேன். நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வட்டிக்கு சட்டை போட்டு வுட்ட மாதிரி ஈக்குதே" என்று தள்ளிவிட்டார்.

அப்புறம் தேயிலைக் கம்பனிச் சாதாரணப் பங்கைக் காட்டினேன். "கம்பனிக்கு நட்டம்னா எனக்கும் நட்டமா?" என்றார். "ஆமா நானா, கம்பனி விழுந்தா ஒரு சதமும் கெடைக்காமப் போகலாம்" என்றேன். போச்சு, என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மலர்ந்தது. பள்ளிவாசலில் லெப்பையிடம் ஒருதரம் கேட்டுக்கொண்டு மறுநாளே திரும்பி வந்தார். கதிரையில் உட்காரும் முன்பே சொன்னார்: "நட்டம் வரும்னு நீங்க வாயால செல்லிட்டீங்க தம்பி, இனி பயமில்ல, எழுதுங்க."

எந்தக் கம்பனி நல்ல கம்பனி?

கொழும்பில் ஒரு கம்பனி நல்லதா என்று கேட்டால் கணக்கறிக்கையைப் புரட்டுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் மலையைப் பார்ப்பார்கள். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மழை பெய்ததா, கொழுந்து எப்படி வந்திருக்கிறது, தேயிலை அரைக்கிற ஸ்டோர்க் கூரைக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு வந்து பங்கு கேட்பார்கள். இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் சவரிமுத்து ஐயா. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். சம்பளம் எடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்து மாத்தளைக்கு வந்து, வீட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் என் மாடிப்படி ஏறுவார். அவர் வாங்குவது ஒரே ஒரு கம்பனிப் பங்கு. அவர் வேலை செய்கிற தோட்டம் எந்தக் கம்பனிக்குச் சொந்தமோ, அந்தக் கம்பனி.

"கொஞ்சம் றப்பர், கொஞ்சம் பாங்கு, கொஞ்சம் ஹோட்டல்னு பிரிச்சுப் போடுங்கய்யா. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கும்" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் மடித்த காகிதத்தில் தேயிலைத்தூள் கொண்டுவந்து என் மேசையிலேயே கொட்டி, மோந்து பார்க்கச் சொன்னார். எனக்கு எல்லாத் தூளும் ஒரே வாசம்தான். மரியாதைக்குத் தலையை ஆட்டிவைத்தேன். அவர் தூளை ஒரு மணி விடாமல் திரும்ப வழித்து மடித்துக்கொண்டு சொன்னார்: "மத்த கம்பனியெல்லாம் எனக்குப் பேப்பர்ல இருக்கிற பேருங்க. இது காலையில எந்திரிச்சுக் கதவைத் திறந்தா கண்ணுல படுற மலை."

பங்குக்காரருக்கு என்ன மரியாதை?

தோட்டத்துக்கு வருகிற கடிதமெல்லாம் ஒரு தப்பால் பையில் வரும். பையைத் திறப்பது தோட்டத்து மேனேஜர், பெரிய தொரை. தொரை பார்த்து எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவனுக்குக் கடிதம். இது எனக்கும் தெரியும், ஆனால் உறைக்கவில்லை. கம்பனி தன் பங்குக்காரர் எல்லாருக்கும் அனுப்புகிற வருஷாந்த அறிக்கை, சவரிமுத்து ஐயாவின் பெயர் போட்டு, நேராகத் தொரையின் மேசைக்குப் போய்விட்டது. தொரைக்கு அந்தக் கம்பனியில் ஒரு பங்குகூடக் கிடையாது, பாவம்.

தொரை கிளாக்கரைக் கூப்பிட்டு, உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப இனிமே நான்தான் உங்களுக்கு எழுந்து நிக்கணுமா?" என்று கேட்டாராம். சிரித்துக்கொண்டுதான் கேட்டாராம், ஆனால் உறையை உடனே கொடுக்கவில்லையாம். இதைச் சவரிமுத்து ஐயா என் மாடிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இனிமே எல்லாம் உங்க விலாசத்துக்கே வரட்டுங்க. நான் முதலாளின்னு வெளியில தெரிஞ்சா என் வேலை போயிடும்."

பங்கை விற்று வீடு வாங்கலாமா?

மற்றவர்கள் என்னிடம் கேட்கிற இந்தக் கேள்வியைச் சவரிமுத்து ஐயாவிடம் கேட்டது நான். கிளாக்கருக்குக் குவாட்டர்ஸ் உண்டு, வேலை இருக்கிறவரை. ரிட்டயரானால் சாமானைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். "உக்குவளைப் பக்கம் சின்னக் காணித் துண்டோட வீடு ஒண்ணு வருதய்யா. பங்குல பாதியை வித்தாப் போதும்" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவருடைய அப்பா பிறந்ததும் அதே தோட்டம், அவர் பிறந்ததும் அதே தோட்டம். ஆனால் அப்பா பிறந்ததற்குப் பத்திரம் இல்லை, இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று பிரஜாவுரிமை கிடையாது, மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பிரஜாவுரிமை இல்லாதவர் காணி வாங்கினால் காணி விலை எவ்வளவோ அவ்வளவையும் இன்னொரு தரம் அரசாங்கத்துக்கு வரியாகக் கட்ட வேண்டும் என்று சட்டம். அதாவது ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டு விலை. பங்கு வாங்க மட்டும் அந்தத் தொல்லை இல்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது, இந்த மனுஷன் ஏன் சம்பளச் சனிக்கிழமை தவறாமல் படியேறுகிறார் என்று. வெட்கமாக இருந்தது, இத்தனை நாள் புத்தி சொன்னதை நினைத்து.

அன்றைக்கு அவர் மனைவி ஞானம்மாவும் கூட வந்திருந்தார். எங்கள் பேச்சில் கலக்காமல் வெளிவாசல் பெஞ்சில் கூடையோடு உட்கார்ந்திருந்தவர், இறங்கப்போகும்போது என் பக்கம் திரும்பினார். குவாட்டர்ஸில் எது செய்வதென்றாலும் தொரையிடம் அனுமதி வாங்க வேண்டும். அந்த அம்மா சொன்னது: "எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாங்கய்யா. யாருகிட்டயும் கேக்காம சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும், அவ்வளவுதான்."

எப்போது விற்பது?

எழுபதுகள் பிறந்து கொஞ்சக் காலத்தில், தனியாருடைய பெரிய காணிகளை அரசாங்கம் எடுத்தது. கம்பனித் தோட்டங்களைத் தொடவில்லை. "தொடவும் மாட்டார்கள், ஆட்களைக் கலங்க விடாதே" என்று கொழும்பிலிருந்து எனக்குச் சொன்னார்கள். நானும் வருகிறவர்களிடமெல்லாம் அதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். காதர் நானா கேட்டுக்கொண்டிருந்தார், தலையை ஆட்டினார், பிறகு தன்னிடமிருந்த தேயிலைப் பங்கு முழுவதையும் விற்கச் சொன்னார். "நானா, கம்பனிக்கு ஒண்ணும் ஆகல்லையே" என்று மன்றாடினேன். விற்றால் எனக்கும் தரகு உண்டு, ஆனாலும் மனசு கேட்கவில்லை. நானா லொறிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினார்: "வெங்காயம் நாறின பொறகு விக்க என்னால ஏலாது தம்பி. மூட்டையில கைய வெச்சா சூடு தெரியும், இப்ப தெரியிது."

வைத்திருக்கவா, விற்கவா?

சூடு எனக்கும் தெரிந்தது. விலை இறங்கத் தொடங்கியது, கம்பனித் தோட்டங்களையும் எடுக்கப் போகிறார்கள் என்று கடைத்தெருவெல்லாம் பேச்சு. சவரிமுத்து ஐயா அந்த மாதம் வரவில்லை. நானே பஸ் ஏறி ரத்தோட்டைக்குப் போய், மிச்சத் தூரத்தைப் பனிக்குள்ளே நடந்து, அவர் குவாட்டர்ஸ் கதவைத் தட்டினேன். "இன்னைக்கே கையெழுத்துப் போடுங்கய்யா, பாதி விலையாவது மிஞ்சும்" என்றேன். அவர் உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். பிரஜாவுரிமை விசாரணைக்கு அரசாங்கக் கச்சேரி ஆபீசுக்கு வரச்சொல்லியிருந்தது. "ரிட்டயராகப் போற ஆளு, எதை வச்சுச் சாப்பிடுவேன்னு கேப்பாங்க. பங்குப் பத்திரத்தைத்தான் காட்டணும்" என்றார்.

"வித்த காசை பாங்குல போட்டு பாங்குப் புத்தகத்தைக் காட்டுங்களேன்!" கத்தியேவிட்டேன். ஞானம்மா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன், நீங்களாவது சொல்லுங்களேன் என்று. அவர் புருஷனைப் பார்த்தார். சவரிமுத்து ஐயாவுக்குக் கோபம் வரவில்லை, சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னார். அவர் சொன்னது இது: "எல்லாத்தையும் காசாக்கி வச்சிருந்தா, இவன் இந்தியாவுக்குப் போக மூட்டை கட்டிட்டான்னு நினைப்பாங்க. தோட்டத்துல பங்கு வச்சிருக்கிறவன் இங்கதானே இருப்பான், அதை அவங்க பாக்கணுமில்லீங்களா?"

நட்டஈடு எப்போது வரும்?

விசாரணை நடந்தது. பத்திரங்களை எடுத்துப் பார்த்தார்களாம், ஒன்றும் சொல்லவில்லையாம். பதில் வரும் முன்பே சட்டம் வந்தது, கம்பனித் தோட்டங்கள் எல்லாம் அரசாங்கத்துக்குப் போயின. காணி போன கம்பனியின் பங்கை யார் வாங்குவார்? சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. நட்டஈடு உண்டு என்றார்கள், எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை. படியேறி வந்தவர்களெல்லாம் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள், நான் கொழும்பைக் கேட்டேன், கொழும்பு மூச்சுக்காட்டவில்லை. இதற்கிடையில் சவரிமுத்து ஐயா ரிட்டயராகி, மாத்தளையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்து ஞானம்மாவோடு குடிவந்திருந்தார். அவரை வீதியில் கண்டால் நான் கடைக்குள் நுழைந்துவிடுவேன். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

ஒருநாள் அவரே வந்தார். அதே வெள்ளைக் கோட்டு. உள்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. நான் எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் வந்துவிட்டது எனக்கு, சந்தோஷமா துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை. "இனிமே நான் காணி வாங்கினா அந்த வரி இல்லையே?" என்று கேட்டார். "இல்லய்யா, தாராளமா வாங்கலாம்" என்றேன். எதை வைத்து வாங்குவது என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காகிதத்தை மடித்து உள்பையில் வைத்தார். பிறகு, வழக்கமாகச் சந்தேகம் கேட்கிற அதே குரலில், உண்மையாகவே பதில் தெரிய வேண்டும் என்கிற மாதிரி, கேட்டார்: "தோட்டம் இப்ப இந்த நாட்டோடது. நானும் இப்ப இந்த நாட்டு ஆளு. அப்ப முந்தி இருந்ததை விட இப்பத்தான் அது எனக்குச் சொந்தம், விக்கத்தான் ஏலாது, அப்படித்தானுங்களே?"

இன்றைக்கும் எந்தப் பங்கை எப்போது விற்பது என்று கேட்டு ஆட்கள் படியேறி வருகிறார்கள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தெரிந்தவன் மாதிரியே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.