ஒரே தடவை பார்க்கிற படம்

நேற்று மதுரை போய் பஸ்ஸில் திரும்பும்போது, காரியாபட்டி தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெண் தன் பேரனைக் காட்டினாள். முன்பின் பழக்கமில்லை. ஜன்னலை மூடச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன், அவ்வளவுதான். போனை எடுத்து, இரண்டு விரலால் பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்கி என் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன். நன்றாகத்தான் இருந்தான். உங்கள் வீட்டுப் பிள்ளையைக் காட்டுங்கள் என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்து, தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த வயதில் நடிப்பு வேறு.

எங்கள் சின்ன வயதில் சொந்த ஊரான பரளச்சிக்குப் போட்டோ வருவது வருஷத்துக்கு ஒன்று. சித்தப்பா பம்பாயில் ஓட்டல் வேலையில் இருந்தார். ‘உள்ளே போட்டோ, மடிக்காதீர்’ என்று கவர்மேல் எழுதியிருப்பார். வந்ததும் பிரிக்கக் கூடாது. அது அய்யா வைத்த சட்டம். அம்மா மிளகாய்க் காட்டிலிருந்து வரவேண்டும், அண்ணன் ஆட்டை அடைத்துவிட்டு வரவேண்டும். அதுவரை கவர் மல்லி மூட்டைமேல் கிடக்கும். மல்லி வாசனையோடுதான் சித்தப்பா முகத்தைப் பார்த்திருக்கிறோம். இன்றைக்கும் குழம்புக்கு மல்லி வறுத்தால் பசிக்கு முன்னால் அவர் ஞாபகம்தான் எனக்கு வரும். ஒருவர் முந்திப் பார்த்துவிட்டால் மற்றவர்களுக்கு அது எச்சில் என்று ஒரு நினைப்பு. நாற்பது வருஷம் கழித்தும் அந்தப் புத்தி போகவில்லை பாருங்கள்.

அண்ணன் மகள் வனிதா தன் விருப்பத்துக்குக் கல்யாணம் முடித்து ஓசூர் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணன் அவளோடு பேசுவதில்லை. திருச்சுழியில் இருக்கிற என்னோடு மட்டும்தான் அவளுக்குப் பேச்சு. பெண் குழந்தை பிறந்த இருபதாம் நாள் படம் அனுப்பினாள். நான் ஒரு கூறு கெட்டவள், பெருமை தாங்காமல் உடனே ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன். அரை நாளில் சொந்தக்காரர் போனெல்லாம் பிள்ளை ஏறி இறங்கிவிட்டது. யாரோ நிறத்தைப் பற்றி எழுதினார்கள். அது வனிதா காதுக்குப் போனது. எங்கேயும் இருக்கக் கூடாது, அழித்துவிடுங்கள் என்றாள். அழித்தேன். அப்புறம் ஆறு மாதம் படமே வரவில்லை.

பிறகு ஒன்று வந்தது. படமாகத் தெரியாது, ஒரு வட்டத்துக்குள் ஒன்று என்ற எண் மட்டும். ஒரே தடவைதான் பார்க்க முடியுமாம், மூடினால் போய்விடுமாம். “அப்பாவும் பாத்தா பாக்கட்டும் அத்த” என்று மட்டும் சொன்னாள்.

அண்ணனிடம் பட்டன் போன்தான். கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். நானும் திறக்கவில்லை. ஒரே தடவைதான் என்றால் அதை நான் ஒருத்தி தின்று தீர்த்துவிடலாமா? விரல் பட்டுவிடுமோ என்ற பயத்தோடு அந்த வட்டத்தைத் தினமும் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

பன்னிரண்டாம் நாள் அவரே கூப்பிட்டார். “ஏத்தா, அந்தப் படம் இருக்கா? ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வா” என்றார். அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். நான் வேலை பார்க்கிற சத்துணவு மையத்துக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டேன். அவர்கள் வரவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பரளச்சி போனேன். அண்ணன் கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் போனதிலிருந்து இருவரும் அப்படி ஒட்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வட்டத்தைத் தொட்டேன். காலாவதியாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது. திறக்காமலே வைத்திருந்தாலும் இரண்டு வாரத்தில் போய்விடும் என்று யாருக்குத் தெரியும்?

வெளியே போய் வனிதாவைக் கூப்பிட்டேன். நான் வாய் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “தெனமும் எம் போன்ல பாத்தேன் அத்த. நீங்க தொறக்கவே இல்ல. அப்பா வேணாம்னுட்டாகன்னு தெரிஞ்சுகிட்டேன்.”

நடந்ததை எல்லாம் சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை. பிள்ளை அழுகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். மூன்று மாதமாகிறது. நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டேன்.

உள்ளே வந்தபோது மதினி அடுப்படிக்குப் போயிருந்தார். அண்ணன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். “மொதப் படத்த நீ பாத்தவதான. பிள்ள யாரு சாயலு?” என்று கேட்டார்.

நம் அம்மா சாயல், நெற்றி அப்படியே அவர்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உண்மையில் எனக்கு அந்த முகம் ஞாபகமே இல்லை. ஸ்டேட்டஸில் வைக்கிற அவசரத்தில் பிள்ளையை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.